எதிர்ப்பக்கம் சுற்றிய சூரியன்

சூரியன் மிக அமைதியாகக் கிடந்த ஆண்டில்தான் எங்கள் கடையைக் கொளுத்தினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பௌதிகவியல் படிப்பிக்கும் பாடசாலையில் வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது எழுந்து நின்று, "டீச்சர், சூரியனில கரும்புள்ளி கூடினா நாட்டில கலவரம் கூடுமாமே?" என்று கேட்கும். யூடியூப்பில் பார்த்திருக்கும். கடை எரிவதற்கு முந்திய மாதம் முழுக்க நான் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் முகம் கழுவிக் கவிழ்த்த பீங்கானாக இருந்தது, ஒரு பொட்டு இல்லை. எங்கள் கடை எரிந்தது. சூரியனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்று சொல்லி அந்தப் பிள்ளையை உட்காரவைப்பேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று உம்மா சொல்வார். சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காதைக் கடித்தவள் நான். பெரியவளான பிறகு கை நீளுவதில்லை, வாய் நீளும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்டி நகரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், நானாவின் கடைக்கு மேல்மாடியில், நானாவோடும் மதினியோடும் இருந்தேன். நானா என் அண்ணன், ஒரே உடன்பிறப்பு. கொப்பி, பேனா, கோப்பு உறை விற்பார். போட்டோகொப்பி மெஷின் ஒன்றும் வைத்திருந்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு உரிய கோபம் முழுவதையும் நான் ஒருத்தியே எடுத்துக்கொண்டேன் போலும்.

முதுகலைப் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் சூரியனைப் போன்ற மற்ற நட்சத்திரங்கள். சூரியன் குளிர்ந்த நட்சத்திர வகையைச் சேர்ந்தது என்றால் வகுப்பு சிரிக்கும்; மத்தியான வெயிலில் விளையாட்டு மைதானத்தில் நின்று வந்த பிள்ளைகள், சிரிக்கத்தானே செய்வார்கள். நீலமாக எரியும் பெரிய நட்சத்திரங்களோடு பார்த்தால் அது குளிர்ந்ததுதான். இந்த வகை நட்சத்திரங்களின் தோலுக்கடியில் வாயு கொதித்துப் புரளுகிறது. நடுப்பகுதி வேகமாகவும் துருவங்கள் மெதுவாகவும் சுற்றுவதால் உள்ளே இருக்கும் காந்தப்புலம் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கு தாங்காமல் புலம் மேலே பிய்த்துக்கொண்டு வரும் இடத்தில் கீழிருந்து வெப்பம் ஏற முடியாது, அந்த இடம் கறுத்துத் தெரிகிறது. அதுதான் கரும்புள்ளி. சூரியனில் அவை பெருகிக் குறைய ஏறத்தாழப் பதினொரு வருடம் ஆகும். இளம் நட்சத்திரங்கள் இன்னும் மூர்க்கமானவை. வேகமாகச் சுழலும், முகத்தில் பாதியைக் கறுக்கவைக்கும், அடிக்கடி வெடித்துச் சீறும். அவற்றின் புள்ளியை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஒளி கொஞ்சம் மங்கி மறுபடி தேறுவதைப் பார்த்து, ஏதோ ஒரு புள்ளி நம் பக்கம் திரும்பிப் போயிருக்கிறது என்று முடிவு செய்கிறோம். அது நட்சத்திரத்தின் வடக்கிலா தெற்கிலா என்பதைக்கூட அந்த ஒளியை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டு வருடம் கணினித் திரையில் கோடுகளைப் பார்த்து எனக்கு அலுத்துப்போனது. ஒரு நட்சத்திரத்தின் புள்ளியையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் சூரியனைத்தான் பார்க்க வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு சிறிய தொலைநோக்கி வாங்கினேன். அதன் வாயில் சூரிய ஒளியை வடிகட்டும் கறுப்புத் தகடு ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு காலையும் மலையில் முகில் ஏறுவதற்கு முன், மொட்டைமாடியில் நின்று பார்த்து வரைவேன். குனிந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது என்று குழாயின் கீழ்முனையில் ஒளியை மேல்நோக்கித் திருப்பும் கண்ணாடி ஒன்றையும் மாட்டியிருந்தேன். அந்தக் கண்ணாடி படத்தை நிமிர்த்திக் காட்டும், ஆனால் இடத்தை வலமாக்கிவிடும். அதனால் நான் வரையும் தாளை அதற்கேற்றபடி தயார் செய்தேன். ஒரு வட்டம், வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் மேற்கு, வலப்பக்கம் கிழக்கு. நானா அதைக் கடை மெஷினில் நூற்றுக்கணக்கில் பிரதி எடுத்துத் தந்தார். ஒன்பது வருடம் அந்தத் தாளில்தான் வரைந்தேன். திருத்தம் தாளிலேயே இருந்ததால் இடம் எது வலம் எது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

என் சூரியனைப் பார்க்க வரும் ஆள் ஒருவர் இருந்தார். எங்கள் கடைக்கு எதிரே த்ரீவீல் ஓட்டுபவர், சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். மழை நாளில் என்னைப் பாடசாலையில் இறக்கிவிடுவது அவர்தான். கடை வரிசையில் பழகிய தமிழில் பேசுவார். சில காலைகளில் மாடிக்கு ஏறி வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் பார்ப்பார்.

"இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா டீச்சர்? சூரியனுக்கும் லீவா?"

"சூரியனுக்குப் பென்ஷன் வயசு ஆகல்ல. திரும்பி வரும்" என்பேன்.

அந்த வாரம் தூரத்து ஊர் ஒன்றில் வீதியில் நடந்த ஒரு சண்டையில் ஒருவர் இறந்துபோனார். அடித்தவர்கள் முஸ்லிம்கள், இறந்தவர் சிங்களவர். அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. எங்கள் ஆட்களின் கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் என்று எரிந்தன. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். போனில் வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. ஊரடங்கை எடுத்த ஒரு காலையில், கொஞ்ச நேரம் கடையைத் திறந்து பால்மா வாங்க வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் சொல்ல, வரிசையில் எல்லாரும் பாதி ஷட்டரைத் தூக்கினார்கள். நானாவும் தூக்கினார். நான் மாடிக்குப் போனேன். ஊர் எரிந்தாலும் அன்றைய சூரியனை வரையாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதைப் பக்தி என்று நினைத்தால் பிழை. அது வெறும் பிடிவாதம்.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கீழே கால் மைல் தூரத்தில் சந்தி தெரியும். சந்தியிலிருந்து வலப்பக்கம் ஏறும் வீதி எங்கள் கடை வரிசைக்கு வருகிறது. இடப்பக்கம் இறங்கும் வீதி ஆற்றங்கரைக்குப் போகிறது, அங்கே பலகை அரிந்து விற்ற, இப்போது பூட்டிக் கிடந்த ஒரு மரக்காலையைத் தவிர ஒன்றும் இல்லை. சந்தியில் கூச்சல் கேட்டது. வெறும் கண்ணுக்குத் தலைகளும் தடிகளும்தான் தெரிந்தன. கறுப்புத் தகட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழாயைக் கீழே திருப்பினேன். லொறி ஒன்றில் வந்திருந்தார்கள், எல்லாம் தெரியாத முகங்கள், பெட்ரோல் கேன்கள். நடுவில் ஒரே ஒரு தெரிந்த முகம், த்ரீவீல்காரர். ஒருவன் அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்டான். அவர் கையை நீட்டினார். அந்தக் கை வலப்பக்கம், எங்கள் வீதியைக் காட்டியது.

பிறகு நான் அந்தக் குழாய்க்குள் பார்க்கவில்லை. படியில் பாதி விழுந்து பாதி இறங்கிக் கத்தினேன். நானா ஷட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நீ மதினியோட மேல போ. நான் பூட்டிட்டு வாரேன்."

"அத உட்டுட்டு வாங்க நானா!"

"உள்ளுக்கு எல்லாம் கடதாசி புள்ள. நெருப்பு வெச்சா நீங்க ரெண்டு பேரும் மேல ஈக்கிறீங்க. போ."

அவர் வரவில்லை. ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. மாடிக்கு ஓடி எட்டிப் பார்த்தபோது அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். இரும்புக் கம்பியால் வலது முழங்காலுக்குக் கீழே அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் மாடிவரை கேட்டது. அவர் கத்தவில்லை, ஏதோ ஓதினார் என்று நினைக்கிறேன். அப்போது என் கைக்கு மதினியின் பூச்சட்டிகள்தான் அகப்பட்டன. ஒவ்வொன்றாக எறிந்தேன். முதலாவது வீதியில் சிதறியது. இரண்டாவது ஒருவனுடைய தலையில் விழுந்தது. அவன் மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், விரல்களுக்கிடையில் இரத்தம் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன். இன்னும் பெரிய சட்டி இல்லையே என்று தேடினேன்.

கடைக்குள் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். கடதாசிக் கடை, ஒரு நொடியில் பிடித்தது. புகை மேலே வந்ததும் மதினியை இழுத்துக்கொண்டு பின்சுவரால் பக்கத்து வீட்டுக் கூரையில் குதித்தேன். இராணுவம் வந்தபோது லொறி போய்விட்டது. நானா வடிகாலில் கிடந்தார். ஒரு காதிலிருந்து இரத்தம் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நானாவுக்குக் காலில் ஒப்பரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் வாசலில் தேத்தண்ணீர்ப் பிளாஸ்கோடு நின்றேன். நடைபாதையின் மறுமுனையில் அந்த த்ரீவீல்காரர் வந்தார். கையில் ஒரு பையில் தோடம்பழம். முகத்தில் வீக்கம் இருந்தது.

"டீச்சர், ஐயாவுக்கு எப்பிடி?"

அவர் வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது. இரும்புப் பிளாஸ்கை வீசி அவர் முகத்தில் அடித்தேன். கன்னத்தில் பட்டது. இன்னொரு தடவை அடித்தேன், மூக்கில் பட்டது. அவர் விழுந்த பிறகும் அடித்தேன். தோடம்பழங்கள் நடைபாதையெங்கும் உருண்டன. இரண்டு தாதியர்களும் ஒரு காவலாளியும் சேர்ந்து என்னைப் பிடித்துத் தூக்கினார்கள். கடைசிவரை அவர் என்மேல் கை வைக்கவில்லை. முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தார்.

என்ன ஏது என்று விசாரிக்க வந்த பொலிஸாரிடம் அங்கேயே வாக்குமூலம் கொடுத்தேன். இவர்தான் எங்கள் கடையைக் காட்டிக்கொடுத்தார், தொலைநோக்கியில் என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். பிளாஸ்க் விஷயத்தை அவர்கள் அதற்குப் பிறகு பேசவே இல்லை. அன்றைக்கே அவரைக் கைது செய்தார்கள். சில நாட்களில் பொறுப்பதிகாரி என்னை அழைத்து, அவர் வேறு மாதிரிச் சொல்கிறாரே என்றார். கொலரைப் பிடித்து முஸ்லிம் கடைகள் எங்கே என்று கேட்டார்களாம். அவர் ஆற்றங்கரை வீதியைக் காட்டினாராம். பாதிப் பேர் அந்தப் பக்கம் ஓடினார்களாம். மற்றவர்கள் நம்பாமல் அவரையும் அடித்துவிட்டு மேலே வந்தார்களாம்.

"பொய்" என்றேன்.

"நிச்சயமா டீச்சர்?"

"சூரியனில ஒரு குண்டூசித் தலை அளவு புள்ளியையே பிழையில்லாமல் வரையிற ஆள் நான். ஒரு மனுசன்ட கை தெரியாதா எனக்கு?"

அவர் எழுதிக்கொண்டார், நான் கையெழுத்துப் போட்டேன். அடையாள அணிவகுப்பிலும் விரலை நீட்டிக் காட்டினேன். வழக்கு விசாரணைக்காக த்ரீவீல்காரரை விளக்கமறியலில் வைத்தார்கள். வந்த நூறு பேரில் பிடிபட்டவர் எங்கள் வழக்கில் அவர் ஒருவர்தான், சாட்சி நான் ஒருத்திதான். அவர் உள்ளே இருப்பதும் வெளியே வருவதும் என் வாயில் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும், அதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து மதினியும் நானும் வீட்டைக் கழுவிக் குடியேறினோம். கீழே கரிக்கட்டையான மெஷினும் சாம்பலும்தான் மிச்சம். என் வட்டத் தாள்கள் கடையில் இருந்ததால் எல்லாம் போய்விட்டன. மேலே அலுமாரியில் இருந்த ஒன்பது வருடப் படங்கள் புகை மணத்தோடு தப்பியிருந்தன. ஒரு காலை தொலைநோக்கியைத் துடைத்து, அன்று எறிந்த கறுப்புத் தகட்டையும் தேடிப் பொருத்தி மாடிக்குக் கொண்டுபோனேன். பல வாரங்களுக்குப் பிறகு சூரியனின் ஓரத்தில் ஒரு சிறிய புள்ளி வந்திருந்தது. மாணவி ஒருத்தியின் பயிற்சிக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, கோப்பை விளிம்பால் வட்டம் போட்டு வரைந்தேன். பழைய தாளில் இருந்ததுபோல் வலப்பக்கம் கிழக்கு என்று கை தானாக எழுதியது. ஆனால் வானத்தில் சூரியனைப் பார்க்கும்போது கிழக்கு விளிம்பு இடப்பக்கம் இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் அல்லவா, உடனே அடித்துவிட்டு இடம் கிழக்கு, வலம் மேற்கு என்று திருத்தினேன். அடுத்த நாளும் அதே மாதிரி ஒரு தாளில் வரைந்தேன். மூன்றாம் நாளும் வரைந்து மூன்றையும் பக்கத்தில் வைத்தேன்.

புள்ளி வலமிருந்து இடமாகப் போயிருந்தது. நான் எழுதியிருந்தபடி பார்த்தால் மேற்கிலிருந்து கிழக்கு. சூரியன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

சூரியன் அப்படிச் சுற்றாது. கறுவிக்கொண்டு தாளைக் கசக்கினேன், எந்த இடத்தில் பிழை விட்டேன் என்று என்னையே திட்டினேன். பிறகு குழாயின் முனையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். அது இடத்தை வலமாக்குவதற்கான திருத்தம் எரிந்துபோன தாள்களில்தான் இருந்தது. தகட்டைக் கழற்றிவிட்டு, குழாயைச் சந்திக்குத் திருப்பிப் பார்த்தேன். பஸ் ஒன்று ஆற்றங்கரை வீதியில் இறங்கியது. குழாய்க்குள் அது எங்கள் பக்கம் ஏறுகிற வீதியில் போவதாகத் தெரிந்தது. சந்திக் கடைகளின் பெயர்ப்பலகை எழுத்துகள் திரும்பி இருந்தன. அன்றைக்கு ஒரு பலகையை வாசித்திருந்தால் போதும். நான் பலகையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன்.

அந்த மனிதர் அடி வாங்கிக்கொண்டு அவர்களை ஆற்றுப் பக்கம் திருப்பிவிடப் பார்த்திருக்கிறார்.

இப்போது சொல்லப்போவது எனக்கு வெட்கமானது. அன்றைக்கே நான் பொலிஸுக்கு ஓடவில்லை. உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தப் புள்ளி சூரியனின் மறு விளிம்பில் போய் மறையும்வரை தினமும் வரைந்தேன். பத்து நாளுக்கு மேல் ஆனது. உறுதி செய்ய அதில் ஒன்றும் இருக்கவில்லை. யாராவது ஒருவன் உள்ளே கிடக்கட்டும் என்று என் நெஞ்சு கேட்டது. நானாவின் கால் இனி நேராகாது என்று டொக்டர் சொன்ன வாரம் அது. அந்த நாட்களில்தான் சிறைக்குள் சிலர் அவரைப் பிடித்து அடித்துக் கையை முறித்தார்கள் என்பதைப் பிறகு அறிந்தேன்.

நானாவிடம் சொன்னேன். அவர் கட்டிலில் கிடந்தபடி கேட்டார். கேட்கும் காதை என் பக்கம் திருப்பியிருந்தார்.

"எத்தின நாளா தெரியும் ஒனக்கு?"

சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு அடிச்சவன்கள்ட முகம் எனக்குத் தெரியும். அதில அவர் இல்ல. நீ கேக்கவே இல்ல என்கிட்ட. போ, போய்ச் சொல்லு."

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். "நூறு பேர் வந்தாங்க மகள். ஒருத்தன்தான் புடிபட்டான். அவனையும் நீங்களே உட்டுட்டா, நாங்க எல்லாரும் பொய் சொன்ன மாதிரி ஆகும்" என்றார். எங்கள் சட்டத்தரணி, பொய் வாக்குமூலம் என்று உங்களையே உள்ளே போடலாம் என்றார். இருவரும் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரியவரைப் பார்த்து, "செஞ்சவனை உட்டுட்டு அகப்பட்டவனை அடிக்கிற வேலைய அவங்க செஞ்சா கலவரம், நாங்க செஞ்சா என்ன?" என்று கத்திவிட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். பாவம், அவருடைய மருமகனின் கடையும் எரிந்திருந்தது.

நீதிமன்றத்துக்குத் தொலைநோக்கியையே கொண்டுபோனேன். காவலர்கள் வாசலில் நிறுத்தி, இது என்ன ஆயுதம் என்று அரை மணி நேரம் ஆராய்ந்தார்கள். நீதவான் பொறுமைசாலி. மொழிபெயர்ப்பாளர் திணறியதைப் பார்த்து, தானே கீழே இறங்கி வந்து, ஜன்னல் வழியாக வெளியே நின்ற ஒரு பொலிஸ்காரரைக் குழாய்க்குள் பார்த்தார். பொலிஸ்காரரை வலது கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினார். மறுபடி குழாய்க்குள் பார்த்தார், பிறகு வெறும் கண்ணால் பார்த்தார். எத்தனை வருடமாக இதைப் பாவிக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். ஒன்பது என்றேன். அவர் போய் ஆசனத்தில் உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்று பிற்பகலே த்ரீவீல்காரரை விடுவித்தார்கள். நான் வாசலில் காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. அவர் மனைவியோடு படியிறங்கி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மூக்கு ஒரு பக்கம் சரிந்திருந்தது, அது நான் செய்தது. இடது கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது, அதுவும் நான் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். அவருடைய கையைப் பிடிக்கலாம் என்று என் கையைத் தூக்கினேன்.

அவர் ஒரு படி பின்னால் போய், முறியாத கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு அடிக்காகக் காத்து நின்றார். மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தார்.

"போதும் டீச்சர்" என்றார் அந்த அம்மா. "இனி அடிக்க வேணாம்."